புகையக்கா

என் அண்ணி எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள். சமையல் தீய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லக் கூடாது. கல்யாணமான புதிதில் என் அண்ணன் ஒரே ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பஸ் ஓட்டப் போனான். அதற்குப் பிறகு தட்டில் கரிக்கட்டையே விழுந்திருந்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் விழுந்ததில்லை. அவள் கை அப்படி, மூக்கும் அப்படி. எண்ணெய் காய்கிற வாசனையை வைத்தே அடுப்பை எப்போது தணிக்க வேண்டும் என்று அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

அப்படிப்பட்டவளைப் பார்த்து, உள்ளங்கையளவு வெள்ளைப் பிளாஸ்டிக் வட்டம் ஒன்று தினம் காலையில் ஊரைக் கூட்டிக் கத்தினால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

நான் வேலை பார்ப்பது, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஆறு மாடி விடுதி ஒன்றில். வாசலுக்கு நேரே என் மேசை. வருகிறவர்களும் போகிறவர்களும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். கீழ்த்தளத்தில், பின்பக்கம் சமையலறை. அங்கே ஆள் தேவைப்பட்டபோது நான்தான் அண்ணியைக் கொண்டுவந்து சேர்த்தேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரு கூரையின் கீழ் இருந்தாலே கீரியும் பாம்பும் என்பார்கள். நாங்கள் வீடு, வேலை என்று இரண்டு கூரையின் கீழ் இருந்தோம். சண்டை போட நேரம் கிடைக்காததாலோ என்னவோ, நன்றாகவே ஒத்துப்போனோம். நாற்பதை நெருங்கிய என்னை வீட்டில் எல்லோரும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணியும் அப்படித்தான்.

விடுதி முழுக்கத் தீ எச்சரிக்கை மணி பொருத்தினார்கள். அறைக்கு அறை, நடைவழிக்கு நடைவழி, கூரையில் புகை டிடெக்டர்கள் முளைத்தன. அவற்றில் எது புகையைக் கண்டாலும் எல்லா மாடியிலும் மணி அடிக்கும். என் மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த சிவப்புப் பெட்டியில், எந்த மாடி, எந்த இடம் என்று எழுத்து ஓடும். அந்தப் பெட்டிக்குப் பேனல் என்று பெயர்.

மறுநாள் காலையில் அண்ணி அகன்ற வாணலியில் வெங்காயத்தைப் போட்டாள். மணி அலறியது. வாயில் பற்பசை நுரையோடும் தலையில் துண்டோடும் பெண்கள் ஆறு மாடியிலிருந்தும் ஓடி வந்தார்கள். பேனலில் 'சமையலறை வாசல்' என்று எழுத்து ஓடியது. வார்டன் அம்மா நேராகச் சமையலறைக்குப் போய், "என்னம்மா, எதையாச்சும் தீய விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணி வாணலியைத் தூக்கி வந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். வெங்காயம் பொன்னிறத்தில் பளபளவென்று இருந்தது.

முதல் நாள் எல்லோரும் ஓடி வந்தார்கள். மறுநாள் பாதிப் பேர் வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள், மணி அடிக்கும்போது ஒருத்தி என் மேசைக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே, "வெங்காயம் வதங்கிடுச்சு போல" என்றாள். பேனலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன், மணியை அடக்கும் பட்டனை எழுந்துகூட அழுத்துவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குடை நுனியால் ஒரு குத்து. அவ்வளவுதான், அமைதி.

அண்ணிக்குத்தான் அமைதி இல்லை. ஒரு நாள் ஏணி போட்டு ஏறி, அந்த டிடெக்டருக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டாள். "வாயக் கட்டிட்டேன் பாப்பா. இனிமே நிம்மதி" என்றாள்.

சோதனை பார்க்க வந்த கம்பெனி மெக்கானிக் அந்தப் பையைப் பார்த்துவிட்டான். முப்பது வயதுக்காரன், கோபித்துக்கொள்ளத் தெரியாதவன். அவனே அன்றைக்குக் கொஞ்சம் குரலை உயர்த்தினான்.

"யாருங்க்கா இது? இது வெளையாட்டுச் சாமான் இல்ல."

"நான்தான் தம்பி. இருபது வருஷமா அடுப்படியில நிக்கறேன். ஒரு பருக்கை தீய விட்டதில்ல. இது தெனம் என்னக் கேவலப்படுத்துது."

அவன் ஏணியில் உட்கார்ந்து டிடெக்டரைக் கழற்றி, மூடியைத் திறந்து காட்டினான். "உள்ள ஒரு சின்ன இருட்டு ரூம் இருக்கு பாருங்க. ஒரு பக்கம் விளக்கு, இன்னொரு பக்கம் கண்ணு. விளக்கு நேரா கண்ணுல படாத மாதிரி திருப்பி வச்சிருக்கு. புகை உள்ள நுழைஞ்சா வெளிச்சம் அதுல பட்டு நாலா பக்கமும் செதறும், கண்ணுக்கும் தெரியும். உடனே கத்தும். நீராவி வந்தாலும் அப்படித்தான், தூசி வந்தாலும் அப்படித்தான். அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்ப அது மேல தப்பில்ல. அதக் கொண்டாந்து அடுப்படி வாசல்ல வச்சவன் மேலதான் தப்பு."

"வச்சது நான்தாங்க்கா" என்றான் மெக்கானிக்.

இருவருமே சிரித்துவிட்டார்கள். அங்கே புகையைப் பார்ப்பதற்குப் பதில் சூட்டை மட்டும் பார்க்கும் வேறு வகை டிடெக்டரை மாட்டியிருக்க வேண்டும் என்று அவனே ஒப்புக்கொண்டு, மறுநாளே மாற்றிக் கொடுத்தான். அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த இடத்தில் மணி வாயைத் திறக்கவில்லை.

கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அது பெண்கள் விடுதி. மெக்கானிக் தனியாக அறைகளுக்குள் போக முடியாது; கூட ஒரு பெண் போக வேண்டும் என்பது வார்டன் அம்மாவின் கண்டிப்பு. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கழுவியான பின் ஓய்வாக இருப்பவள் அண்ணி ஒருத்திதான். அவள்தான் கதவைத் தட்டுவாள், உள்ளே எட்டிப் பார்ப்பாள், "வரலாம் தம்பி" என்பாள். நீளக் குச்சியின் நுனியில் ஒரு கிண்ணம். அதை டிடெக்டருக்குக் கீழே கவிழ்த்துப் பிடித்தால், கிண்ணத்துக்குள் இருக்கும் டப்பா சோதனைப் புகையைப் பீய்ச்சும். கொஞ்ச நேரத்தில் டிடெக்டரின் சிவப்பு விளக்கு நிலையாக எரியும். சோதனைக்காக மணியை நிறுத்தி வைத்திருப்பதால், கீழே பேனலில் எழுத்து மட்டும் விழும். அதைப் படித்துச் சொல்வது என் வேலை.

"பாப்பா, ரெண்டாவது மாடி, கடைசி ரூமு. விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அண்ணி."

சில இடங்களில் விழாது. கழற்றிப் பார்த்தால் உள்ளே தூசி அடைத்துக் கிடக்கும். ஒன்றுக்குள் சிலந்தி குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. மென்மையான தூரிகையால் தட்டி, தூசி உறிஞ்சும் மிஷினால் இழுத்து, மறுபடி மாட்டி, மறுபடி புகை. முதலில் ஏணி பிடித்தாள். பிறகு குச்சியைப் பிடித்தாள். சீக்கிரமே அண்ணி கழற்றிச் சுத்தம் செய்ய, மெக்கானிக் ஏணி பிடித்துக்கொண்டு நின்றான். அறைப் பெண்கள் அவளைக் கண்டதும், "புகையக்கா வந்துட்டாங்க" என்று கட்டிலில் குவிந்த துணிகளை ஒதுக்கித் தருவார்கள்.

கம்பெனிக்கு இன்னும் நிறையப் பெண்கள் விடுதிகள், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. எல்லா வாசலிலும் மெக்கானிக்குகள் துணைக்கு ஆள் வரும்வரை காத்து நின்றார்கள். ஒரு நாள் அவன் அண்ணியிடம் வந்து, "அக்கா, எங்க கம்பெனியில சேர்ந்துடுங்க. மொதலாளிகிட்ட பேசிட்டேன்" என்றான்.

அன்று வீட்டில் பேச்சு நடந்தது. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த வயசுல ஏணி ஏறணுமா?" என்று கேட்டான்.

"நீங்க மாடிப்படி எறங்கறப்பவே மூச்சு வாங்கறீங்க. நான் ஏதாச்சும் கேட்டனா?"

"கேட்டதுக்கு மனசுல வச்சுக்காத. போ, போய்ச் சேரு. ஆனா சாயங்காலம் சமையல்?"

"பாதி நாள் நீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்படித்தான் அண்ணி கம்பெனியில் சேர்ந்தாள். அண்ணனும் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டான்.

அவளுக்கு ஒதுக்கிய கட்டிடங்களில் எங்கள் விடுதியும் ஒன்று. அதுதான் எல்லாவற்றிலும் முரண்டு பிடித்தது. சமையலறை வாசல் ஒன்று அடங்கியது உண்மைதான். ஆனால் குளியலறை ஆவி, தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே, கொசுவர்த்தி என்று அவ்வப்போது எங்காவது ஒன்று அலறும். புலி வருது, புலி வருது என்று கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது மரத்துப்போயிருந்தது. ஒரு மத்தியானம் அண்ணி என் மேசை அருகே நிற்கும்போதே மணி அடித்தது. படியில் ஒரு கால் இறங்கவில்லை. குடை நுனி பட்டனைக் குத்தியது. என்ன எழுத்து என்றுகூட வாட்ச்மேன் பார்க்கவில்லை.

அண்ணியின் முகம் அன்று மாறியதைப் பார்த்தேன். கோபம் இல்லை. பயந்திருந்தாள்.

நேராக வார்டன் அம்மாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அம்மா, எல்லா டிடெக்டரையும் நான் சுத்தமா வச்சிருக்கேன். ஒண்ணு விடாம வேல செய்யுது. ஆனா மணி அடிச்சா ஒருத்தியும் எறங்க மாட்டேங்கறா. அப்ப நான் பாக்கற வேலைக்கு என்ன அர்த்தம்? ஒரு நாள் எல்லாரையும் எறக்கிப் பழக்கணும்."

"ராத்திரி ஷிப்ட் பாத்துட்டுப் பகல்ல தூங்கற பொண்ணுங்க பாதி பேர். ஏற்கெனவே எங்கிட்ட வந்து சண்ட போடறாங்க. நீ வேற பயிற்சின்னு எழுப்பினா ரூமக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க" என்றார் வார்டன். நியாயமான பேச்சுதான். அண்ணி அதை மறுக்கவில்லை.

"அப்ப மொதல்ல இது சும்மா அடிக்கறத நிறுத்தறேன். ஒரு மாசம் ஒரு தடவகூட அடிக்கலன்னா, எனக்கு ஒரே ஒரு நாள் குடுக்கறீங்களா?"

வார்டன் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மாசம் இது வாய மூடிட்டு இருந்தா, நீ சொல்ற நாள்ல நானே மொதல்ல எறங்கறேன்."

அண்ணி வேட்டையில் இறங்கினாள். குளியலறைக் கதவுக்கு நேரே இருந்த டிடெக்டர்களைக் கழற்றி, ஆவி எட்டாத இடத்துக்குத் தள்ளி மாட்ட வைத்தாள். கண்ணாடி முன்னால் தலைக்கு ஸ்ப்ரே அடிக்கும் பெண்களிடம், "ஜன்னலத் தொறந்து வச்சு அடிம்மா, முடி ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்றாள். ஒவ்வொன்றாக அடங்கின.

ஒன்று மட்டும் அடங்கவில்லை. ஆறாவது மாடிக்கு மேலே, மொட்டைமாடிக் கதவருகில், படி முடியும் இடத்தில் இருந்தது. குளியலறை இல்லை, அடுப்பு இல்லை, ஆள் நடமாட்டமே இல்லை. மத்தியானமானால் கத்தும். அண்ணி சுத்தம் செய்தாள், கத்தியது. புதிதாக மாற்றினாள், கத்தியது. மெக்கானிக் வந்து வயரை எல்லாம் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பேய் புடிச்சிருக்குக்கா" என்றான்.

விடுமுறை நாளில் அண்ணி ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தாள். நான் கீழே இருந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து கட்டிடம் அமர்ந்த சமயம். மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணி படி இறங்கி வந்தாள். பின்னாலேயே வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

அவர் அந்த நேரத்தில் பின்பக்கம் சமையலறையில் டீ குடிக்கப் போவதாக எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார். பெண்கள் விடுதியில் சிகரெட் பிடிக்கக் கூடாது என்பதால், யாரும் வராத அந்தப் படிமுனையில் நின்று பற்றவைத்திருக்கிறார். மணி அடித்ததும் பதறி ஆறு மாடி ஓடி இறங்கி, அவரே பட்டனைக் குத்தி அடக்கி, "இந்தச் சனியனுக்கு வேற வேலையே இல்ல" என்று எங்களிடம் திட்டியும் தீர்த்திருக்கிறார். அவர் மூச்சு வாங்கியதை நான் வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

வார்டன் அம்மாவிடம் சொன்னால் அவர் வேலை போய்விடும். அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, நான் படி ஏறும்போதே சிகரெட் வாசன வந்துடுச்சு. எம் மூக்கு அப்படி. உங்களப் பத்தி நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். ரெண்டு விஷயம் மட்டும் கேக்கறேன். சிகரெட்ட ரோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சுக்கங்க. அந்தக் குடையப் பேனல்கிட்ட கொண்டு போகாதீங்க. மணி அடிச்சா எழுத்தப் படிங்க, அந்த எடத்துக்கு ஓடிப் போய்ப் பாருங்க. பட்டனப் பத்தி அப்பறம் யோசிச்சுக்கலாம்."

வாட்ச்மேன் ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினார். "அது என் புகைன்னு அதுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கடைசியில் கேட்டார்.

"அதுக்கு ஆளத் தெரியாதுண்ணே. புகையத்தான் தெரியும். இந்த ஹாஸ்டல்லயே உண்மையச் சொன்னது அது ஒண்ணுதான்."

அந்த மாதம் மணி அடிக்கவில்லை. வார்டன் அம்மா வாக்குத் தவறவில்லை.

பயிற்சிக்கு முன்னால் அண்ணி இன்னொன்றும் செய்தாள். மணி எல்லோர் காதிலும் விழுகிறதா என்று ஒவ்வொரு அறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்த்தாள். நான்காவது மாடி மூலையறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பகலில் தூங்குவாள். அண்ணியும் அதே கட்டிலில் படுத்து, காதில் அதே பஞ்சை அடைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். நான் மணியை அடிக்கவிட்டேன்.

"கேக்குதா அண்ணி?" பதில் இல்லை. பஞ்சை எடுத்த பிறகு சொன்னாள், "ரெண்டு தெரு தள்ளி யாரோ சைக்கிள் மணி அடிக்கற மாதிரி இருக்கு பாப்பா. இது போதாது."

நடைவழியின் அந்தக் கோடியில், நர்ஸின் கதவுக்கு நேர் மேலே புது மணி ஒன்று வந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இனி நான் செத்தாத்தான் தூங்க முடியும்" என்றாள்.

"சாகக் கூடாதுன்னுதான்டி மாட்டறேன்" என்றாள் அண்ணி.

பயிற்சி நாள் கூத்தாக இருந்தது. ஒருத்தி இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. ஒருத்தி உதட்டுச் சாயம் பூசி முடித்துவிட்டுத்தான் வந்தாள். சொன்னபடி வார்டன் அம்மா முதலில் இறங்கிப் போய், எதிரே இருந்த விளையாட்டுத் திடலில் நின்றார். எல்லோரும் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சியைத் தொட்டுவிட்டது. அண்ணி யாரையும் திட்டவில்லை.

"நான் சமைச்ச காலத்துல சாப்பாட்டு மணி அடிச்சா எவ்வளவு வேகமா வருவீங்க. அந்த வேகம் போதும் எனக்கு. படி வழியா வாங்க, லிப்டத் தொடாதீங்க, ரூம் கதவச் சாத்திட்டு வாங்க. இந்த மணி இனிமே பொய்யா அடிக்காது. அதுக்கு நான் பொறுப்பு. அடிச்சா எறங்கறது உங்க பொறுப்பு."

கூட்டம் சிரித்தது. ஆனால் கேட்டுக்கொண்டது. அடுத்த பயிற்சியில் இஸ்திரிப் பெட்டி வரவில்லை.

அது நடந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து, அலுவலகம் போனவர்கள் போக, இரவு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மேலே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். பேனலில், 'மூன்றாவது மாடி, எட்டாம் அறை'. வாட்ச்மேனின் கை தானாகவே மேலே போனது. பாதியில் நின்றது. அப்புறம் அவர் எழுத்தைப் படித்தார், நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படியை நோக்கி ஓடினார். அந்த அறைக்காரி காலையிலேயே வேலைக்குப் போனவள் என்று எனக்குத் தெரியும். போகும்போது என் மேசையில் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். பூட்டிய அறைக்குள் யார் சமைப்பார்கள், யார் குளிப்பார்கள்?

மேலேயிருந்து வாட்ச்மேன் குரல் வந்தது. "கதவுக்கடியில கருப்பாப் புகை வருது. நெசம்தான். எல்லாரும் எறங்குங்க."

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். அடுத்து அண்ணிக்கு. அவள் ஊரின் மறுகோடியில் பிரசவ ஆஸ்பத்திரியில் ஏணி மேல் இருந்தாள்.

"அண்ணி, மணி அடிக்குது."

"இன்னிக்கு டெஸ்ட் இல்லையே."

"டெஸ்ட் இல்ல. மூணாவது மாடி. புகை கண்ணுக்குத் தெரியுது."

"எறங்கறாங்களா?"

படியைப் பார்த்தேன். இரவு உடையில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு, ஒருத்தி பின் ஒருத்தியாக வந்துகொண்டிருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. ஒருத்திக்குப் பாதித் தலையில் மட்டும் சாயம் பூசியிருந்தது, மீதிப் பாதியில் சீப்பு தொங்கியது. வாட்ச்மேன் மூன்றாவது மாடியிலிருந்து ஆறாவது வரை ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போய்விட்டு, கடைசி ஆளாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நான்காவது மாடி நர்ஸ் வந்தாள். காதில் இன்னும் பஞ்சு. கையில் தலையணை.

"எறங்கறாங்க அண்ணி. எல்லாரும் எறங்கறாங்க" என்றேன்.

"நீயும் எறங்கு பாப்பா. நான் வரேன்."

திடலில் மாடிவாரியாக நின்று ஆளை எண்ணினோம். ஒருத்தியும் குறையவில்லை. வார்டன் அம்மா இரண்டு தடவை எண்ணினார். தீயணைப்பு வண்டி வந்து, மூன்றாவது மாடியின் அந்த ஒற்றை ஜன்னலிலிருந்து வந்த கரும்புகையை அடக்கிக்கொண்டிருந்தபோது, கம்பெனி வேன் தெருமுனையில் திரும்பியது. கூரையில் ஏணி கட்டியபடி. மெக்கானிக் ஓட்ட, அண்ணி முன் இருக்கையில்.

அவள் வேனிலிருந்து இறங்கி, திடலைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அத்தனை பெண்களும் அவளைப் பார்த்தார்கள். யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. பாதித் தலைக்காரியாக இருக்கலாம். அடுத்த நொடி திடலே கை தட்டியது. "புகையக்கா, புகையக்கா" என்று கத்தினார்கள். திடலுக்குப் பின்தெருவில் இருந்தவர்கள் பால்கனியில் வந்து நின்று, என்ன விளையாட்டுப் போட்டி என்று விசாரித்தார்கள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு சொன்னாள்.

தீயணைப்பு அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். மெத்தை மேல் சார்ஜ் போட்டுவிட்டுப் போன பவர் பேங்க் வெடித்துத் தீப்பிடித்திருந்தது. கதவு மூடியிருந்ததால் அந்த ஒரு அறையோடு போயிற்று.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா படிக்கட்டெல்லாம் புகை ஏறியிருக்கும். மேல தூங்கினவங்களுக்கு வழியே இருந்திருக்காது. யாரு இதப் பாத்துக்கறது?" என்று கேட்டார்.

"இவங்கதான்" என்றார் வார்டன் அம்மா. அண்ணியின் தோளில் கை வைத்துச் சொன்னார்.

அதிகாரி கையை நீட்டி அண்ணியின் கையைக் குலுக்கினார். "நாங்க போற எடத்துல பாதி நேரம் அழுகைச் சத்தம்தாம்மா கேட்போம். கைதட்டு கேக்கறது இதான் முதல் தடவ."

அனுமதி கிடைத்ததும் அண்ணியோடு நானும் மேலே போனேன். எட்டாம் அறைக் கூரையில் டிடெக்டர் மெழுகு போல உருகி, ஒரு பக்கமாக வழிந்து நின்றது. அண்ணி ஏணியில் ஏறி அதை மெல்லப் பிடுங்கி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"பாவம். தான் உருகற வரைக்கும் கத்தியிருக்கு" என்றாள்.

பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அந்த மாடியில் புகை குடித்த அத்தனையையும் கழற்றிப் புதிது மாட்டி, பேனலைச் சரிசெய்து, பொழுது சாய்வதற்குள் மறுபடி எல்லா மாடியிலும் சோதித்து முடித்தார்கள். பெண்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று டப்பாக்களைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். நர்ஸ்தான் ஏணி பிடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சமைத்து வைத்திருந்தான். கொஞ்சம் தீய்ந்திருந்தது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு மற்ற விடுதிகளிலிருந்தும் நர்சுகள் குடியிருப்பிலிருந்தும் கம்பெனிக்குப் போன் வரத் தொடங்கியது. அந்தப் புகையக்காவையே அனுப்புங்கள் என்று கேட்டார்கள். ஒரே ஆள் எத்தனை இடத்துக்குத்தான் போவாள்? கம்பெனி அவளுக்குக் கீழே நாலு பெண்களைச் சேர்த்துக் கொடுத்தது. ஒருத்தி முன்பு துணிக்கடையில் இருந்தவள், ஒருத்தி மின்சாரப் படிப்புப் படித்துவிட்டு வீட்டில் இருந்தவள். மெக்கானிக்குக்குத்தான் பரம சந்தோஷம். "லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல நின்னு நின்னு எனக்குக் கால்ல வேரே விட்டுடுச்சு. இனிமே நிம்மதி" என்றான்.

குழு வந்ததும் வேன் வந்தது. வேனுக்கு ஓட்டுநர்? "நானே ஓட்டறேன்" என்றாள் அண்ணி. அண்ணன் சொல்லிக் கொடுத்தான். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டதைவிட வண்டியில் சண்டை போட்டுக்கொண்டதுதான் அதிகம்.

லைசென்ஸ் கிடைத்த மறுநாள், பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. அண்ணன் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, துணைக்கு என்ற பெயரில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான். நான் பின்னால், ஏணிகளுக்கும் சோதனைக் குச்சிகளுக்கும் நடுவே. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவன், ஒவ்வொரு சந்திப்பிலும் காலைத் தரையில் அழுத்தினான்.

"ஏங்க, உங்க பக்கம் பிரேக் இல்ல. கால அழுத்தி வண்டிக்கு ஓட்ட போட்டுடாதீங்க."

"லாரி வருது பாரு."

"பாத்துட்டேன்."

"எப்பப் பாத்த?"

"நீங்க பாக்கறதுக்கு முன்னால."

ஆஸ்பத்திரி நுழைவாயில் குறுகலானது. அந்தத் திருப்பத்தில் பெரிய பெரிய ஓட்டுநர்களே ஒரு தடவை பின்னால் போய்த்தான் வருவார்கள் என்று அண்ணன் முன்பே எச்சரித்திருந்தான். அண்ணி வேகத்தைத் தணித்தாள், ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றினாள். வேன் ஒரே திருப்பில், தூணைத் தொடாமல் உள்ளே போய் நின்றது. காவல்காரர் எழுந்து நின்று, இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார். வாசலில் அவளுடைய குழுப் பெண்கள் நால்வரும் சீருடையில் காத்திருந்தார்கள்.

அண்ணன் கொஞ்ச நேரம் தூணையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சாயங்காலம் எத்தன மணிக்கு வர?" என்று கேட்டான். "சுடச்சுடப் பண்ணி வைக்கறேன்."

"வேல முடிஞ்சதும்" என்றாள் அண்ணி. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியின் முன்பக்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள்.